வைத்தியசாலையில் நோயாளர் பராமரிப்பு

நோயுற்ற ஒருவர் வைத்தியசாலையின் வாயிலைக் கடக்கும்போது தம் உடலை மாத்திரமன்றித் தம் நம்பிக்கையையும் பிறர் கையில் ஒப்படைக்கின்றார். வீட்டில் இருந்தபோது எப்பொழுது உண்பது, எப்பொழுது உறங்குவது, எவரைக் காண்பது என்பனவற்றைத் தாமே தீர்மானித்தவர், அங்கே சென்றதும் ஒரு கட்டிலுக்கும் ஓர் இலக்கத்துக்கும் உரியவராகி விடுகின்றார். தமக்கு ஏற்றப்படும் ஊசியில் இருப்பது எந்த மருந்து என்பதை அவர் அறியார். தம்மைத் தொடும் கை கழுவப்பட்ட கைதானா என்பதையும் அறியார். அறியாத நிலையிலும் அவர் கையை நீட்டுகின்றார். அந்த நம்பிக்கைக்கு வைத்தியசாலை எவ்வகையில் ஈடு செய்கின்றது என்பதே பராமரிப்பின் தரத்தைப் பற்றிய கேள்வியாகும்.

தரம் என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவன மாடிக் கட்டடங்களும், புதிய இயந்திரங்களும், பெயர்பெற்ற வைத்திய நிபுணர்களுமே. இவை வேண்டாதன அல்ல. மருந்து இல்லாத இடத்தில் அன்பு மாத்திரம் காய்ச்சலைத் தணித்து விடாது. ஆயினும், ஒரே கூரையின் கீழ், ஒரேவகை வசதிகளுடன் இயங்கும் இரு விடுதிகளுள் ஒன்றில் நோயாளர் பிழைப்பதும் மற்றையதில் இறப்பதும் உண்டு என்பதை வைத்திய வரலாறு காட்டுகின்றது. அந்த வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்தால், நோயாளருக்கு நேரும் தீங்குகளுள் ஒரு பகுதி நோயினால் வருவதன்று, வைத்தியசாலையின் ஒழுங்கீனத்தால் வருவது என்னும் கசப்பான உண்மை புலனாகும். அதனை ஒப்புக்கொண்டு எண்ணிப் பார்த்த வைத்தியசாலைகளே முன்னேறியுள்ளன. மறைக்கும் இடத்தில் மாடிக்கு மேல் மாடி கட்டினாலும் பயன் சிறிதே.

இதற்குத் தெளிவான சான்று ஒஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவிற் கிடைக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரத்துப் பொது வைத்தியசாலையில் இரு பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாம் விடுதியில் வைத்திய மாணவரும், இரண்டாம் விடுதியில் மருத்துவிச்சியரும் பயிற்சி பெற்றனர். கர்ப்பிணிகள் ஒருநாள் முதலாம் விடுதிக்கும் மறுநாள் இரண்டாம் விடுதிக்குமாக மாறி மாறி ஏற்கப்பட்டனர். ஆகவே வறுமை, உணவு, காலநிலை என்பவற்றால் இருசாராருக்கும் பெரிய வேற்றுமை இருந்திருக்க முடியாது. ஆயினும் 1846ஆம் ஆண்டில் முதலாம் விடுதியில் நிகழ்ந்த 4,010 பிரசவங்களில் 459 தாய்மார் இறந்தனர். இரண்டாம் விடுதியில் 3,754 பிரசவங்களில் 105 தாய்மாரே இறந்தனர். நகரத்துப் பெண்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தனர். முதலாம் விடுதியில் தம்மைச் சேர்க்க வேண்டாமென்று அவர்கள் மண்டியிட்டு மன்றாடினர்.

அங்கே உதவி வைத்தியராகக் கடமையாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரியர், இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடினார். நெருக்கடி காரணமா என்று பார்த்தார். இரண்டாம் விடுதியிலேயே நெருக்கடி மிகுதியாக இருந்தது. இறக்குந் தறுவாயிலுள்ளோருக்குப் பிரார்த்தனை செய்ய மணியடித்துக்கொண்டு செல்லும் பாதிரியாரைக் கண்டு தாய்மார் அஞ்சுவது காரணமா என்றுகூட ஆராய்ந்தார். அவர் செல்லும் வழியை மாற்றியும் இறப்புக் குறையவில்லை. 1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அவருடைய நண்பரும் பிரேத பரிசோதனைப் பேராசிரியருமான கொலெற்சுக்கா என்பவர், பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி விரலிற் பட்டதனால் நோயுற்று இறந்தார். அவருடைய உடலிற் காணப்பட்ட மாற்றங்கள், இறந்த தாய்மாரின் உடல்களிற் காணப்பட்ட மாற்றங்களை ஒத்திருந்தன. செம்மல்வைசுக்கு உண்மை விளங்கிற்று. பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ விடுதிக்கு வந்த மாணவரும் வைத்தியருமே அந்த நஞ்சைத் தம் கைகளிற் சுமந்து வந்தனர். மருத்துவிச்சியர் பிரேத அறைக்குச் செல்வதில்லை. அவ்வாண்டு மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கையைக் கழுவிய பின்னரே எவரும் தாய்மாரைத் தொடவேண்டும் என்று அவர் விதித்தார். 1848ஆம் ஆண்டில் முதலாம் விடுதியில் நிகழ்ந்த 3,556 பிரசவங்களில் இறந்தோர் 45 பேரே. கட்டடம் மாறவில்லை, புதிய மருந்தும் வரவில்லை. ஒரு பாத்திரம் கழுவுநீரும் ஒரு கட்டுப்பாடுமே புதியன.

இவ்வரலாற்றின் மறுபாதி துன்பமானது. நோய் தீர்ப்பதற்கென்றே வாழ்ந்த வைத்தியர்கள், தம் கைகளே தாய்மாரின் மரணத்துக்குக் காரணமாயின என்பதை ஏற்க மறுத்தனர். செம்மல்வைசும் தம்மோடு மாறுபட்டோரைக் கடுஞ்சொற்களாற் சாடினார். அவருடைய பதவிக்காலம் நீடிக்கப்படவில்லை. 1850இல் அவர் வியன்னாவை விட்டு நீங்கினார். 1861இலேயே தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். 1865இல் மனநோயாளர் இல்லம் ஒன்றில் இறந்தார். கண்டறிந்த உண்மை நூற்றுக்கணக்கான உயிர்களைக் காத்தது என்பதும், குற்றச்சாட்டாகக் கேட்கப்பட்ட அதே உண்மை பலரின் காதில் ஏறவில்லை என்பதும் ஒருங்கே நினைக்கத்தக்கன.

கணக்கெடுப்பின் வலிமையை உலகுக்கு மேலும் தெளிவாக உணர்த்தியவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். கையில் விளக்கேந்தி இரவில் நோயாளரைப் பார்வையிட்ட அருளுருவாகவே பள்ளிப் பிள்ளைகள் அவரை அறிவர். அவர் எழுதுகோல் ஏந்திய வரலாறு அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. 1854ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கிரிமியப் போரிற் காயமுற்ற பிரித்தானியப் படைவீரரைப் பராமரிப்பதற்காக, அவர் 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்கூத்தாரி வைத்தியசாலையை அடைந்தார். அவர் சென்றபின்னும் இறப்புக் குறையவில்லை. 1855 பெப்ரவரியில் இறப்பு வீதம் நூற்றுக்கு நாற்பதையும் கடந்தது. மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்திலிருந்து சுகாதார ஆணைக்குழு ஒன்று வந்து, கட்டடத்தின் அடியில் அடைபட்டிருந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கியது, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசியது, காற்றோட்டத்துக்கு வழிசெய்தது. சூன் மாதத்தில் இறப்பு வீதம் நூற்றுக்கு இரண்டளவிற்கு இறங்கியது. நாடு திரும்பிய அம்மையார், வில்லியம் பார் என்னும் புள்ளிவிபர அறிஞரின் துணையுடன் எண்களை ஆராய்ந்தபோது, வீரருட் பெரும்பாலோர் பகைவரின் குண்டினால் அன்றித் தடுக்கத்தக்க நோய்களினாலேயே மாண்டனர் என்பது வெளியாயிற்று. எல்லா வைத்தியசாலைகளும் ஒரே முறையிற் கணக்கு வைத்திருத்தல் வேண்டும் என்று 1860இல் இலண்டனிற் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மகாநாட்டில் அவர் திட்டம் வைத்தார். ஒரு பாடசாலையில் வரவு இடாப்பு இல்லையாயின், எந்தப் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்பதை எவரும் அறியார். வைத்தியசாலையின் பதிவேடும் அத்தன்மையதே. எண்ணப்படாத துன்பம் எவர் கண்ணுக்கும் படாது போய்விடும்.

எண்ணிக் கண்ட தவறை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. தவறு நிகழ்ந்தவுடன் மனித மனம் முதலிற் கேட்பது, இதனைச் செய்தவர் யார் என்பதே. ஒருவரைக் கண்டுபிடித்துத் தண்டித்து விட்டால் அலுவல் முடிந்தது என்று எண்ணுகின்றோம். ஓர் உதாரணத்தை நோக்குவோம். விடுதியின் மருந்து அலுமாரியில், செறிவுமிக்க பொற்றாசியம் குளோரைட்டுக் குப்பியும், ஊசிமருந்தைக் கரைப்பதற்கான தூயநீர்க் குப்பியும் அருகருகே இருக்கின்றன. இரண்டும் நிறமற்ற திரவங்கள். குப்பிகளின் வடிவமும் ஏறத்தாழ ஒன்றே. முன்னையதை நீர்மமாக்கிக் குறைக்காமல் நாளத்தில் விரைந்து ஏற்றினால் நோயாளியின் இதயம் நின்றுவிடும். நள்ளிரவில், மங்கிய வெளிச்சத்தில், நாற்பது நோயாளருக்குப் பொறுப்பாயிருக்கும் தாதி ஒருவர் ஒரு குப்பிக்குப் பதிலாக மற்றையதை எடுத்து விடுகின்றார். அவரைப் பதவியிலிருந்து நீக்கலாம். மறுநாள் இரவும் அந்த இரு குப்பிகளும் அங்கேயே இருக்கும். இன்னொரு தாதி அதே அலுமாரியைத் திறப்பார். இத்தகைய மரணங்களை ஆராய்ந்த, ஐக்கிய அமெரிக்க வைத்தியசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணைக்குழு, 1998இல் வழங்கிய அறிவுரை மிக எளியது. செறிவுமிக்க அந்த மருந்தை நோயாளர் விடுதிகளிலிருந்தே அகற்றிவிடுக என்பதே அது. கைக்கு எட்டாத குப்பியை எவரும் தவறி எடுக்க முடியாது.

மறுவருடம் அதே நாட்டின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, வைத்தியசாலைகளில் நிகழும் தடுக்கத்தக்க தவறுகளால் அங்கே ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 வரையானோர் இறப்பதாக மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டின் அளவைப் பற்றி அறிஞரிடையே வாதம் நிகழ்ந்தது. ஆனால், செல்வமும் விஞ்ஞானமும் மிக்க நாட்டிலும் இத்தகைய தீங்கு நிகழ்கின்றது என்பதை எவரும் மறுக்கவில்லை. கவனமாயிருங்கள் என்று ஊழியருக்கு உபதேசம் செய்வது போதாது. தவறுவது கடினமாகவும் சரியானதைச் செய்வது எளிதாகவும் வேலையின் ஒழுங்கை அமைத்தல் வேண்டும் என்பதே அவ்வறிக்கையின் சாரமாகும்.

கை கழுவுதலையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். கிருமிகளைப் பற்றி யாவரும் அறிந்த இக்காலத்திலும், வைத்தியசாலை ஊழியர் கழுவ வேண்டிய வேளைகளிற் பாதியளவிலேயே கழுவுகின்றனர் என்று சுவிற்சர்லாந்தின் ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 1994இல் கண்டனர். டிடியே பித்தே என்னும் வைத்தியரும் அவர்தம் குழுவினரும் அதனை ஆராய்ந்தபோது, வேலை மிகுந்த நேரங்களிலேயே கழுவுதல் மிகவும் குறைந்தது என்பது தெரிந்தது. ஆகவே அலட்சியம் மாத்திரம் காரணமன்று, நேரமின்மையும் காரணம். தண்ணீர்க் குழாய் விடுதியின் ஒரு மூலையில் இருந்தது. நோயாளர் மறுமூலையில் இருந்தனர். ஒவ்வொரு முறையும் நடந்து சென்று, சவர்க்காரம் இட்டுக் கழுவித் துடைத்து மீள்வதானால் நோயாளரைக் கவனிக்க நேரம் எஞ்சாது. எனவே, அற்ககோல் கலந்த திரவத்தைக் கட்டில்களின் அருகே வைத்தனர். சட்டைப்பையிலும் கொண்டுசெல்லக் கொடுத்தனர். விளம்பரத் தாள்களைச் சுவர்களில் ஒட்டினர்; எத்தனை வேளைகளிற் கை தூய்மை செய்யப்பட்டது என்பதை எண்ணி, எண்ணியதை ஊழியருக்கே அறிவித்தனர். நூற்றுக்கு 48ஆக இருந்த ஒழுக்கம் 1997இல் 66ஆக உயர்ந்தது. வைத்தியசாலையில் தொற்றுக்கு ஆளாவோரின் வீதம் 1994இல் 16.9ஆக இருந்து 1998இல் 9.9ஆகக் குறைந்தது. நோயாளியைத் தொடுமுன், தொட்டபின், தூய்மை வேண்டும் செய்கைக்கு முன், உடலின் கழிவு நீர்மங்கள் படக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்டபின் என்னும் ஐந்து வேளைகளை உலக சுகாதார தாபனம் பின்னர் எல்லா நாடுகளுக்கும் விதித்தது.

சத்திரசிகிச்சையின் பாதுகாப்புக்காக அத்தாபனம் 2008இல் ஒரு பட்டியலை வெளியிட்டது. அதில் 19 விடயங்கள் உள்ளன. மயக்க மருந்து கொடுக்குமுன் ஒரு முறையும், கத்தி வைக்குமுன் ஒரு முறையும், நோயாளி கூடத்தை விட்டு நீங்குமுன் ஒரு முறையும் எல்லோரும் கணப்பொழுது நின்று அவற்றை உரத்துக் கேட்டு விடையளித்தல் வேண்டும். இவர் இன்னார்தானா? வெட்ட வேண்டிய இடம் எது? எந்த மருந்து இவருக்கு ஒவ்வாது? பயன்படுத்திய கருவிகளும் பஞ்சுத் துணிகளும் ஊசிகளும் எண்ணிக்கையிற் சரியாக உள்ளனவா? கூடத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் கடமையையும் கூறவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அது வெறும் உபசாரமன்று. தன் பெயரை ஒருமுறை உரத்துக் கூறிய இளந்தாதிக்கு, பின்னர் ஒரு பிழையைக் கண்டபோது வாய்திறப்பது எளிதாகின்றது. இலண்டன், புதுதில்லி, மணிலா முதலிய எட்டு நகரங்களிலுள்ள எட்டு வைத்தியசாலைகளில் இதனைப் பரீட்சித்தபோது, சிகிச்சைக்குப் பின்வரும் பெருஞ்சிக்கல்கள் நூற்றுக்கு 11இலிருந்து 7ஆகவும், இறப்பு 1.5இலிருந்து 0.8ஆகவும் குறைந்தன என 2009இல் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் பட்டியல் ஒரு மந்திரமன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 வைத்தியசாலைகள் அதனைக் கைக்கொண்ட பின்னர் நிகழ்ந்தவற்றை 2014இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அதிற் காணப்படவில்லை. தாளில் அடையாளம் இடுவது வேறு. ஒருவரையொருவர் கேட்டு விடையை எதிர்பார்ப்பது வேறு. இதற்கு எதிர்மாறான அனுபவம் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திற் கிடைத்தது. அங்கே நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெருநாளங்களிற் செலுத்தப்படும் குழாய்களால் வரும் குருதித் தொற்றைத் தடுக்க ஐந்து எளிய விதிகள் வகுக்கப்பட்டன. வைத்தியர் அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டால் அவரை நிறுத்தும் அதிகாரம் தாதிக்கு அளிக்கப்பட்டது. 2006இல் வெளிவந்த முடிவுகளின்படி, பதினெட்டு மாதங்களில் அத்தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. பதவியில் தாழ்ந்தவர் உயர்ந்தவருக்குப் பிழையைச் சுட்டிக்காட்டலாம். அதற்காக அவருக்குத் தீங்கு வராது என்னும் உறுதியே அந்த விதிகளுக்கு உயிர் தந்தது.

இவை யாவும் செல்வந்த நாடுகளுக்கே உரியன என்று நேயர்கள் எண்ணலாம். அவ்வாறன்று. இலங்கையில் 1930களில் ஓரிலட்சம் உயிர்ப்பிறப்புக்களுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் தாய்மார் இறந்தனர். இந்நூற்றாண்டில் அத்தொகை பெரும்பாலான ஆண்டுகளில் நாற்பதுக்கும் குறைவாகவே இருந்துள்ளது. இலவச வைத்தியம், பெண்கல்வி, ஊர்தோறும் சென்ற குடும்பநல மருத்துவிச்சியர், குருதி வழங்கும் வசதி என்பன இதற்குக் காரணமாயின. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது, 1980கள் முதல் நாடெங்கும் நிலைபெற்ற தாய் மரண விசாரணை முறையாகும். ஒரு தாய் இறந்தால் அச்செய்தி உடனே அறிவிக்கப்படுதல் வேண்டும். அதன்பின் வைத்தியசாலையிலும் மாவட்டத்திலும் தேசிய மட்டத்திலும் அம்மரணம் ஆராயப்படுகின்றது. அந்த ஆராய்வின் நோக்கம் குற்றவாளியைத் தேடுவதன்று; தாமதம் எங்கே நேர்ந்தது என்று காண்பதே. உதவியை நாடுவதில் வீட்டார் தாமதித்தனரா? வழியில் வாகனம் இன்றித் தாமதமாயிற்றா? வைத்தியசாலையை அடைந்தபின் குருதி வருவதற்கோ நிபுணர் வருவதற்கோ தாமதமாயிற்றா? ஒவ்வொரு விடையும் அடுத்த தாய்க்கு ஒரு பாதுகாப்பாகின்றது. விசாரணை தண்டனைக்கான வழியாக மாறுமாயின், பதிவேடுகள் மெளனமாகிவிடும். அதனால் இறப்பது அடுத்து வரும் தாயே.

கொழும்பிலுள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் இவ்வகையில் அறியத்தக்கதொரு பாடமாகும். 2000ஆம் ஆண்டு முதல், அதன் பணிப்பாளராயிருந்த வைத்தியர் விமல் கரந்தகொட அவர்களின் தலைமையில், யப்பானியத் தொழிற்சாலைகளிற் கையாளப்பட்ட ஐந்து படிகள் கொண்ட ஒழுங்குமுறை அங்கே புகுத்தப்பட்டது. வேண்டாதவற்றை நீக்குதல், வேண்டியவற்றை அதனதன் இடத்தில் வைத்தல், துப்புரவு செய்தல், அவற்றை நிலையான முறையாக்குதல், எவரும் ஏவாமலே செய்யும் பழக்கமாக்குதல் என்பனவே அப்படிகள். யப்பான் மொழியில் ஐந்து பெயர்களும் ஒரே எழுத்தொலியிற் பிறப்பதால் உலகம் அதனை ஐந்து எஸ் முறை என அழைக்கின்றது. பழுதடைந்த கட்டில்களும் உடைந்த தளபாடங்களும் நீங்கினால் நடைபாதையில் இடம் பிறக்கும்; தள்ளுவண்டி தடையின்றிச் செல்லும். மருந்துகளும் கருவிகளும் பெயரெழுதிய இடங்களில் இருந்தால், குருதிப்பெருக்கினால் வாடும் தாய்க்கு வேண்டியதைத் தேடுவதில் நிமிடங்கள் வீணாகா. இம்முறையிற் சிற்றூழியருக்கும் சொல்லுரிமை உண்டு. தரையைத் துடைப்பவரே தரை ஏன் வழுக்குகின்றது என்பதை நன்கறிவார் அல்லவா? 2007ஆம் ஆண்டிலிருந்து ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் சுகாதார அலுவலர், யப்பானிய உதவித்திட்டத்தின்கீழ், இந்த வைத்தியசாலையின் அனுபவத்தைக் கற்றுத் தத்தம் நாடுகளிற் பரப்பினர். தொழிற்சாலைக்கென வகுத்த முறை, கொழும்பில் ஒரு பிரசவ வைத்தியசாலையிற் பண்பட்டு, அங்கிருந்து கடல்கடந்தது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்களைக் கூறுகின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து மருந்தைக் கொடுப்பவர் என்போரும் பொருளுமே அவை. நான்காமவர் இக்காலத்திற் பெரும்பாலும் தாதியரே. வீட்டாரும் அவருள் அடங்குவர். நோயாளியையும் ஓர் உறுப்பாக அவர் எண்ணியது கருதத்தக்கது. நோயாளி சிகிச்சைக்குரிய பொருள் மாத்திரம் அல்லர். சிகிச்சையிற் பங்குகொள்பவரும் ஆவர். அவர் பங்குகொள்வதானால், அவருக்குச் சொல்லப்படுவது அவருக்கு விளங்க வேண்டும்.

மொழி இங்கே உயிரோடு தொடர்புடைய பொருளாகின்றது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடாத்திய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். ஊராரின் மொழியிற் பேசும் வைத்தியரே ஊராரிடையே நிலைத்துப் பணியாற்றுவர் என்பது அவர் கருத்து. அக்கருத்தின் தேவை இன்றும் ஒழிந்துவிடவில்லை. தமிழ் மாத்திரம் அறிந்த தோட்டத் தொழிலாளத் தாயும் சிங்களம் மாத்திரம் அறிந்த தாதியும் ஒரு கட்டிலருகே சந்திக்கின்றனர். வடக்கிலும் கிழக்கிலும் இதன் மறுதலையும் நிகழ்கின்றது. வலி எங்கே, எப்பொழுது தொடங்கியது, எந்த மருந்து முன்னர் ஒவ்வாமற் போயிற்று என்பன சைகையினாற் கூறத்தக்கனவல்ல. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதன் பயன் அலுவலகக் கடிதங்களோடு நின்றுவிடாது, மருந்துறையின்மேல் எழுதப்படும் நான்கு சொற்களிலும், சத்திரசிகிச்சைக்கு உடன்பாடு கேட்கும் படிவத்திலும், தாதி பேசும் வார்த்தையிலும் விளங்குதல் வேண்டும். விளங்காத தாளிற் பெற்ற கையொப்பம் உடன்பாடு ஆகாது.

ஒரே மொழி பேசுவோரிடையேயும் விளக்கம் தவறுவதுண்டு. இதற்கு எளிய பரிகாரம் ஒன்று பல நாடுகளில் வழக்கில் உள்ளது. வைத்தியரோ தாதியோ விடயத்தைக் கூறியபின், விளங்கிற்றா என்று கேட்பதில்லை. ஏனெனில், விளங்காதவரும் மரியாதை கருதி ஆம் என்றே தலையசைப்பர். வீட்டுக்குச் சென்றபின் இந்த மருந்தை எவ்வாறு உட்கொள்வீர்கள், உங்கள் சொல்லிற் கூறுங்கள் பார்ப்போம் என்று கேட்கின்றனர். நோயாளி பிழையாகக் கூறினால் அது அவருடைய குறையன்று. விளக்கியவரே இன்னொரு முறை விளக்குதல் வேண்டும். நல்லாசிரியர் வகுப்பறையிற் செய்வதும் இதுவே.

நோயாளரும் வீட்டாரும் செய்யத்தக்கனவும் சில உள. உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்துகளையும் உட்பட, ஒரு தாளில் எழுதிக் கொண்டுசெல்லலாம். முன்னர் ஒவ்வாமற் போன மருந்தின் பெயரை அதன் மேற்புறத்தில் எழுதலாம். ஊசி ஏற்றுமுன் தம் முழுப்பெயரைக் கூறி, இது எனக்குரியதுதானா என்று பணிவுடன் கேட்கலாம். பார்வையாளர் நோயாளியைத் தொடுமுன் தம் கைகளைத் தூய்மை செய்யலாம். காய்ச்சலும் இருமலும் உள்ளோர் பார்க்கச் செல்லாமலே அன்பைக் காட்டலாம். கேள்வி கேட்கும் நோயாளியைச் சண்டைக்காரராகக் கருதும் வழக்கம் ஊழியரிடத்து மாறுதல் வேண்டும். இரவு முழுதும் விழித்திருந்த ஊழியர்மேற் கோபத்தைக் கொட்டும் வழக்கம் வீட்டாரிடத்தும் மாறுதல் வேண்டும்.

ஒழுங்கு ஒன்றே எல்லாக் குறையையும் தீர்த்துவிடும் என்பது இதன் கருத்தன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இலங்கை வைத்தியசாலைகள் மருந்துத் தட்டுப்பாட்டினால் அல்லலுற்றதை யாவரும் அறிவர். வைத்தியரும் தாதியரும் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். இரண்டு தாதியர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் செய்யும் இடத்திற் பட்டியல்கள் சுமையாகவே தோன்றும். மருந்தும் ஆளும் தருவது அரசின் கடன்; அதற்கு வேறெதுவும் ஈடாகாது. ஆயினும், பொருள் குறைந்த காலத்திலேயே ஒழுங்கின் அருமை மிகுகின்றது. வைத்தியசாலையில் வந்து சேரும் ஒரு தொற்று, நோயாளியை மேலும் பல நாட்கள் கட்டிலிற் கிடத்துகின்றது. விலையுயர்ந்த மருந்துகளைத் தின்கின்றது. வெளியிற் காத்திருக்கும் இன்னொருவரின் இடத்தையும் பறிக்கின்றது. அதனைத் தடுக்கும் கைகழுவலுக்கு ஆகும் செலவோ மிகச் சிறிது.

ஆகவே, ஒரு வைத்தியசாலை நல்லதா என்று அறிய விரும்புவோர், அதன் கட்டடத்தின் உயரத்தை மாத்திரம் நோக்குதல் போதாது. சென்ற மாதம் இங்கே எத்தனை நோயாளருக்குத் தொற்று ஏற்பட்டது, எத்தனை மருந்துகள் மாறிக் கொடுக்கப்பட்டன, அவற்றைக் கண்டபின் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டல் வேண்டும். அவ்வாறான தவறு இங்கே நிகழ்வதே இல்லை என்று விடை வருமாயின், அங்கே எண்ணுவோர் இல்லை என்று ஐயுறலாம். இத்தனை நிகழ்ந்தன, இன்ன காரணத்தால் நிகழ்ந்தன, இப்போது இவ்வாறு திருத்தியுள்ளோம் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லும் வைத்தியசாலையே நோயாளியின் நம்பிக்கைக்கு உரியது.